எண்ணெய்க் குளிர்விப்பானின் இடைத்தகட்டைக் கழற்றுதல்

மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் மோட்டார் சைக்கிள்களில், பெட்ரோலுடன் கலந்த எண்ணெய் உராய்வைத் தணித்துவிட்டு எரிந்து போகும். திரும்பி வராத எண்ணெயைக் குளிர்விக்கும் தேவை அங்கு எழவில்லை. காரின் நான்கு வீச்சு எஞ்சினிலோ, அதே எண்ணெய் பம்பினால் ஏற்றப்பட்டு, வடிகட்டியின் வழியே சென்று, வெப்பத்தைச் சுமந்து அடித்தொட்டிக்கே மீள்கிறது. இவ்வெப்பத்தைத் தணிக்க எண்ணிச் சிலர் தனியே குளிர்விப்பான் வாங்கிப் பொருத்துகின்றனர். எஞ்சினுக்கும் வடிகட்டிக்கும் இடையே வைக்கப்படும் ஒரு தடித்த தகடு, எண்ணெயை இரு குழாய்களின் மூலம் குளிர்விப்பானுக்கு அனுப்பித் திரும்பப் பெறுகிறது.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில், மிதமான வெப்பமுள்ள மைசூரில், நகரத்திற்குள் மட்டும் ஓடும் காருக்கு இது பெரும்பாலும் மிகையே. எரிதலில் உண்டாகும் நீராவியில் சிறு பகுதி எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் நன்கு சூடேறினாலன்றி அது வெளியேறாது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்போன்ற படலம் படிவது இதன் அறிகுறியாகும். (ரேடியேட்டர் நீர் கசிந்தாலும் இப்படலம் தோன்றுமாதலால், அதனை முதலில் ஆராய்தல் வேண்டும்.)

கழற்றும்போது ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகலாகாது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் குழாய்களையும் நீக்குக. குழாய்களில் தேங்கிய எண்ணெய் கொட்டுமாதலால் கீழே தட்டு இருத்தல் நலம். பின்னர் தகட்டின் நடுவிலுள்ள துளையுள்ள திருகாணியைத் திருப்பினால் தகடு விடுபடும். அதனோடு எஞ்சினின் பழைய திருகாணியும் கழன்று வருவதுண்டு. அவ்வாறாயின், அதே மரையும் நீளமும் உடைய திருகாணியையே மீண்டும் பொருத்துதல் வேண்டும்.

பெருந்தவறு நேர்வது இதற்குப் பின்னரே. தகட்டின் பழைய ரப்பர் வளையம் எஞ்சினின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதே கருநிறத்தில் மறைந்திருக்கும். அதன்மேல் புதிய வடிகட்டியின் வளையம் அமர்ந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் ஒன்றைப் பிதுக்கித் தள்ளும். சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் வெளியேறி, தாங்கிகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடக்கூடும். கண் ஏமாறும், ஆகவே துணியால் துடைத்தபின் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தலே தக்கது. கழற்றிய வளையத்தைக் கையில் எடுத்துக் காட்டுமாறு மாணவரைக் கேட்பது நல்ல பழக்கம்.

புதிய வடிகட்டியின் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, அதன்மேல் அச்சிட்ட அளவுப்படி கையாலேயே இறுக்குக. குளிர்விப்பானும் குழாய்களும் கொண்டிருந்த எண்ணெய் இனித் தேவையில்லையாதலால், கார்க் கையேட்டில் கண்ட அளவே போதும். எஞ்சினை ஓட்டி, எண்ணெய் விளக்கு அணைகிறதா, கசிவு உளதா எனக் கவனித்து, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாது, மூடிய கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சேகரிக்க உரிமம் பெற்றோரிடம் ஒப்படைக்க.