கடன் வண்டியும் கைத்தொழிலும்

அன்புள்ள சின்னவனுக்கு,

படிப்பை நிறுத்திவிட்டுக் கடனில் வண்டி எடுக்கும் யோசனைக்குப் பதில் சொல்லும் முன், நம் பக்கத்துக் கதை ஒன்று. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து அன்றாட வாழ்வில் முருகப்பா குழுமத்தின் பங்கு பெரியது. பழகிப்போனதால் அது கண்ணில் படுவதில்லை. சி.டி.எச். சாலையில் ‘டி.ஐ. சைக்கிள்’ என்று சொல்லி டிக்கெட் வாங்குகிறவர் கம்பெனியை நினைத்துக் கேட்பதில்லை, அது ஊர்ப்பெயராகிவிட்டது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அம்பத்தூர் ஜனங்கள் போகும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை, 1966-இல் இக்குழுமத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை வழியே வந்தது. ஸ்டெட்ஃபோர்டு என்பவர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி கம்பெனி 1788-இல் தொடங்கியது. 1981-இல் இக்குழுமத்தின் கைக்கு வந்தது. டீயில் போடும் பாரி சர்க்கரை, வயலுக்குப் போகும் குரோமோர் உரம், பைக்கின் டைமண்ட் செயின், லாரிக்குக் கடன் தரும் சோழமண்டலம் ஃபைனான்ஸ் எல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு.

இதன் தொடக்கம் பர்மாவில். சிவகங்கைச் சீமையின் பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900-இல் மௌல்மெயினில் வட்டிக்கடை வைத்தார். அந்தக் காலத்தில் கீழ்ப்பர்மாவின் நெல் விவசாயமே அவரைப் போன்ற நகரத்தார் செட்டியார்களின் கடனில் ஓடியது. 1929-க்குப் பிறகு உலகமெங்கும் விலைவாசி சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடன்பட்ட பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. 1930-இல் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் நகரத்தாரிடம் இருந்தது. 1930-களின் இறுதிக்குள் அது 25 சதவீதம் ஆயிற்று. கணக்கில் பார்த்தால் லாபம். ஆனால் அந்த நிலத்தை யாராலும் ஊருக்கு எடுத்து வர முடியவில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். போர் முடிந்து 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் என இரு பக்கமும் அழிந்தது. இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

முருகப்பா குடும்பம் தப்பியதற்குக் காரணம், ஜப்பானியர் நுழையும் முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பியதும், திருப்பிய முதலைப் பொருள் செய்யும் தொழிலில் போட்டதும். 1949-இல் பிரிட்டிஷ் கூட்டுடன் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1954-இல் திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் எழுந்தது. அங்கே செய்வது சாணைச் சக்கரமும் உப்புத்தாளும். 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் எழுந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆவடி காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டது. ஆவடியின் சத்தியமூர்த்தி நகர் என்ற பெயர் அந்த மாநாட்டின் மிச்சம். 1960-இல் அம்பத்தூரிலேயே செயின் ஆலையும் வந்தது. டியூப் புராடக்ட்ஸில் அகலமான எஃகுத் தகடு நாடாவாக வெட்டுப்பட்டு, உருளைகளுக்கு நடுவே வளைந்து, விளிம்புகள் மின்சாரத்தால் பற்றவைக்கப்பட்டுக் குழாயாகிறது. சைக்கிள் ஃபிரேமுக்கென்று தொடங்கிய அந்தக் குழாய் இன்றைக்குக் கார், பைக் ஷாக் அப்சார்பருக்குள்ளும் இருக்கிறது. வட்டிக்கடையில் தொடங்கிய ஒரு வீடு, பட்ட அடிக்குப் பிறகு இரும்பை நம்பி எழுந்தது என்பதே இந்த வரலாற்றின் சாரம். 1978-இல் அவர்களே மறுபடி ஃபைனான்ஸ் தொடங்கவில்லையா என்று சின்னவன் கேட்கக்கூடும். தொடங்கினார்கள், ஆலைகளெல்லாம் காலூன்றி நின்ற பிறகு தொடங்கினார்கள். வரிசை முக்கியம்.

ஒரு பெரிய குழுமம் ஒரு பகுதிக்குத் தரும் மிகப் பெரிய சொத்து சம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளம் அந்த மாதத்தோடு போகும். கைவேலை அறிந்த ஆட்கள் ஒரே வட்டாரத்தில் பெருகுவதுதான் நிலைக்கிற சொத்து. 1960-களில் பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகளும், ஆவடியில் டேங்க் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் எஸ்டேட்டும் அடுத்தடுத்து வந்தன. பெரிய ஆலையில் அப்ரண்டிஸாக இருந்த ஃபிட்டர், டர்னர் பலர் பின்னாளில் எஸ்டேட்டில் ஒரு லேத்தைப் போட்டு, அதே ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்தார்கள். 1961-இன் அப்ரண்டிஸ் சட்டம் இதற்கு வழி செய்தது: கற்றுக்கொள்ளும் காலத்திலேயே ஸ்டைபெண்ட், முடிவில் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ். கம்பெனி மூடினாலும் அந்தச் சான்றிதழ் மூடாது. அம்பத்தூரின் டன்லப் ஆலை மூடிவிட்டது, பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் அந்தப் பெயர். அங்கே வேலை பார்த்தவர்களில் கையில் தொழில் இருந்தவர்கள் வேறு வாசலைத் தட்ட முடிந்தது. இல்லாதவர்கள் பட்ட பாட்டை அம்பத்தூர் அறியும்.

சின்னவன் நினைக்கும் வண்டிக் கடன் இந்தக் கைத்தொழிலுக்கு நேர் எதிர் வகை. அது இயங்கும் விதத்தை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது நல்லது. முன்பணம் போக மீதியை ஃபைனான்ஸ் கட்டுகிறது, ஆர்.சி. புத்தகத்தில் அதன் பெயர் ஏறுகிறது; கடைசித் தவணை முடிந்து தடையின்மைச் சான்று வாங்கும்வரை வண்டி ஓட்டுகிறவனுக்கு முழுச் சொந்தமில்லை. வட்டியை எப்படிச் சொல்கிறார்கள் என்பது அடுத்தது. ‘பத்து சதவீதம், ஃபிளாட்’ என்று வாயால் சொல்வார்கள். ஒரு லட்சத்துக்கு நான்கு ஆண்டில் வட்டி 40,000. மாதத் தவணை 2,917 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழு ஒரு லட்சத்துக்கும் கடைசிவரை விழுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 17 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குறையும் அசலுக்கு என்ன வட்டி? எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்கு மேல் இன்சூரன்ஸ், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, டயர், பூந்தமல்லி பைபாஸில் நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு. கோயம்பேட்டு லோடு மழை வந்தால் குறையும். தவணைத் தேதி மழைக்காக நிற்காது.

சின்னவனின் அப்பாவுடைய மஞ்சள் வண்டி விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், விரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது இந்தக் குழுமத்துக்குச் சம்பந்தமே இல்லாத, பெயர் சொல்ல வேண்டாத ஒரு ஃபைனான்ஸ். இரண்டு தவணைதான் பாக்கி. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், லோடோடு நின்ற வண்டியை ராத்திரியில் தூக்கிக்கொண்டு போனார்கள். வாடகைக்கு ஏற்றிய சரக்குக்கும் சின்னவனின் அப்பாதான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஜாமீன் போட்ட மாமா வீட்டோடு பேச்சு நின்றது அப்போதுதான், இன்றுவரை சரியாகவில்லை. அந்த மனிதன் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் ரத்த அழுத்தம் என்று எழுதினார். பெரியப்பா அதைத் தவணை என்றுதான் இன்றும் படிக்கிறார்.

தகப்பனை இழந்த வீட்டில் மூத்த பிள்ளை உடனே சம்பாதிக்க நினைப்பது இயற்கை, அதில் குற்றமில்லை. எஸ்டேட்டின் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தாய் தையல் மெஷினில் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வகுப்பில் உட்காருவது கடினம்தான். ஆனால் அவசரத்தில் எடுக்கும் கடன் அந்த முதுகை நிமிர்த்தாது; இன்னொரு பாரத்தை ஏற்றும். சின்னவனுக்கு டிப்ளமாவில் மீதி இருப்பது ஒன்றரை ஆண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கியில் ஏறுகிறது. டிப்ளமாவுக்கும் அது உண்டு. படிப்பை நிறுத்தினால் அதுவும் நிற்கும். முடித்தால் அப்ரண்டிஸ், அல்லது பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. ஆவடியிலேயே முருகப்பா பாலிடெக்னிக் இருப்பதும், அதைச் சுற்றிப் பாடி, அம்பத்தூர், திருமழிசை என்று ஆலைகள் இருப்பதும் எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்கிற வசதி இல்லை. தூர மாவட்டத்துப் பிள்ளைகள் இதற்காகவே வந்து ரூம் எடுத்துத் தங்குகிறார்கள்.

வண்டி ஓட்டுவது தாழ்ந்த தொழில் என்று இங்கே எழுதவில்லை. லோடு ஓட்டிப் பிள்ளைகளை டாக்டராக்கியவர்கள் பூந்தமல்லியில் உண்டு. கையில் தொழிலும் கொஞ்சம் சேமிப்பும் வந்த பிறகு, விலையில் பாதிக்கு மேல் தானே முன்பணமாகக் கட்டி எடுக்கும் வண்டி வேறு. பத்தொன்பது வயதில், வேறொருவர் ஜாமீன் கையெழுத்தில் எடுக்கும் வண்டி வேறு. முடிவு சின்னவனுடையது. பெரியப்பா கையெழுத்து மட்டும் அந்தத் தாளில் விழாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

மற்றபடி இந்தக் கடிதம் கோபத்தில் எழுதப்பட்டதில்லை. சின்னவன் கெட்டிக்காரன்; எட்டாம் வகுப்பிலேயே சைக்கிளை முழுக்கப் பிரித்து மாட்டியவன்; அவன் அப்பாவுக்கிருந்த கை அவனுக்கும் இருக்கிறது. வரும் செமஸ்டர் ஃபீஸ் எடுத்து வைத்தாயிற்று. அதைக் கடன் என்று நினைக்க வேண்டாம், திருப்பித் தருகிறேன் என்று சொன்னால் பெரியம்மா அடிக்க வருவாள். அம்மாவின் ஷிஃப்ட் நாட்களில் தங்கையைக் கொரட்டூருக்கே அனுப்பிவிடலாம், பள்ளியில் கொண்டுபோய் விடுவது பெரியப்பா பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட வர வேண்டும். வண்டி எடுப்பதென்றே முடிவு செய்திருந்தாலும் வர வேண்டும். ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடும் முன் கொண்டு வந்தால், ஒவ்வொரு வரியாகச் சேர்ந்தே படித்துவிடலாம். வஞ்சிரம் வாங்கச் சொல்லியிருக்கிறது; தங்கைக்கு முள் ஆகாது என்பதும் நினைவிருக்கிறது.

ஆசிகளுடன்,
பெரியப்பா
கொரட்டூர்