மூவாயிரம் சொற்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்

கேள்வி: அந்தமானில் ரங்கத் பக்கம் எங்கள் ஊர். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இப்போது பிளஸ் டூ. சியூஇடி நுழைவுத் தேர்வு எழுதி பாண்டிச்சேரியிலோ டெல்லியிலோ சேர ஆசை. அண்ணன் வாங்கித் தந்த புத்தகத்தில் 3,000 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ‘சி’ வரிசைக்கு வருவதற்குள் ‘ஏ’ வரிசை மறந்துபோகிறது. இங்கே கோச்சிங் கிடையாது, மழை பிடித்தால் நெட்டும் படுத்துவிடும். என்ன செய்வது?
- ஒரு மாணவி

பதில்: முதலில் அந்தப் புத்தகத்தை மூடி அலமாரியில் வையுங்கள். மறந்துபோவது உங்கள் குறை இல்லை. அகர வரிசை என்பது தேடுவதற்கு வசதி, மனப்பாடத்துக்குச் சத்ரு. ‘அட்வர்ஸ்’, ‘அவர்ஸ்’ என்று ஒரே சாயலில் இருப்பவை அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று அழித்துவிடும்.

தேர்வு கேட்பதும் இந்த மனப்பாடத்தை அல்ல. 2025 முறைப்படி ஆங்கிலத் தாளில் 60 நிமிடத்துக்கு 50 கேள்விகள். பத்தியைப் படித்து விடை சொல்வது, கலைந்த வாக்கியத்தை வரிசைப்படுத்துவது, பொருத்தமான சொல்லைத் தேர்வது, ஒத்த சொல், எதிர்ச்சொல். அபூர்வமான சொற்களை நெட்டுருப் போடும் வழக்கம் அமெரிக்காவின் சாட் தேர்வை ஒட்டிப் பரவியது. அவர்களே 1994-ல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். 2005-ல் சொல் ஒப்புமைக் கேள்விகளும் போயின. நம் கடைகளில் மட்டும் பழைய பட்டியல் புது அட்டை போட்டு வருகிறது.

பட்டியல் இல்லாமல் கை ஓடாது என்றால் ஒன்று சொல்கிறேன். நியூசிலாந்தின் எவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’. கல்லூரிப் பாடநூல்களில் துறை பேதமின்றித் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள், அவ்வளவுதான். டெரைவ், சஸ்டெயின், அம்பிகுவஸ், இனெவிட்டபிள், ரிலக்டன்ஸ் போன்றவை. நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இறக்கி, பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைந்த பிறகு கல்லூரியிலும் கைகொடுக்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகளாக்குங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருளும் அது வரும் ஒரு முழு வாக்கியமும். ஐந்து சிறு பெட்டிகள் வேண்டும். புது அட்டை முதல் பெட்டியில். அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் பெட்டி, அது மூன்று நாளுக்கு ஒரு முறை. அடுத்தது வாரம் ஒரு முறை, இப்படியே இடைவெளி கூடும். தவறினால் எந்தப் பெட்டியிலிருந்தும் நேராக முதல் பெட்டிக்கு. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பிரபலமாக்கிய முறை. இதற்குக் கரண்டும் வேண்டாம், டவரும் வேண்டாம்.

ஆனால் அட்டை மட்டும் போதாது. சொல்லை வாசிப்பில் மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும். இந்த இடத்தில் தீவில் பிறந்தது உங்களுக்கு வசதி. கதை தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படித்தால், தெரியாத சொல்லின் பொருளை முக்கால்வாசி நீங்களே ஊகித்துவிடுவீர்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பற்றிப் படித்தால் எக்ஸைல், இன்கார்சரேட், பீனல் செட்டில்மென்ட் எல்லாம் வரும். நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சியைப் பற்றிப் படித்தால் எண்டெமிக், ஹேபிடாட், வல்னரபிள். 2004 சுனாமியைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் டிவாஸ்டேட், ஆஃப்டர்ஷாக், ரீஹேபிலிடேட். நிர்வாகம் நடத்தும் ‘டெய்லி டெலிகிராம்ஸ்’ நாளிதழையும் புரட்டுங்கள். சர்க்கார் நடைதான், உப்புச்சப்பு இருக்காது, இருந்தாலும் நீளமான வாக்கியத்தை உடைத்துப் புரிந்துகொள்ள நல்ல பயிற்சி. பிளஸ் டூ பாடநூல்களான ‘ஃபிளமிங்கோ’, ‘விஸ்டாஸ்’ இரண்டையும் கைடு இல்லாமல் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். பிள்ளைகள் பலர் கைடைத்தான் படிக்கிறார்கள், பாடத்தை இல்லை.

‘எமினென்ட்’, ‘இமினென்ட்’ போன்ற குழப்பச் சோடிகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். சோடியின் இரண்டு சொற்களையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

தேர்வு அறையில் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்து ஒன்று சரியானால்கூட இரண்டு மதிப்பெண் மிச்சம். இரண்டு விடைகளைத் தள்ளிவிட முடிந்தால் லாபம் இன்னும் பெரிது. அதனால் எதையும் விடாமல் குறியுங்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தை நிரப்பும் முன் நீங்கள் விரும்பும் படிப்புக்கு எந்த மொழித்தாள் கேட்கிறார்கள் என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியில் பாருங்கள். சில படிப்புகளுக்கு ஆங்கிலம்தான் வேண்டும். சிலவற்றுக்கு ஏதேனும் ஒரு மொழி போதும். சியூஇடியின் 13 மொழித்தாள்களில் தமிழும் உண்டு.