பெரிய கண்ணுக்காரனின் அம்மாவுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் நீ அழுகைக்கு நடுவே கேட்டதற்கெல்லாம் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் காதில் விழுந்தது நிற்காது. ராத்திரி இரண்டு மணிக்குப் பயம் வந்தால் எடுத்துப் படிக்கக் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும். கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இத்தனை காலம் நர்ஸாக இருந்தவள் நான். உன்னைப் போன்ற அம்மாக்களோடுதான் என் பாதி ஆயுள் போயிற்று.

முதலில் அந்தக் கிரகணப் பேச்சை விட்டுத்தள்ளு. நீ வயிற்றுப்பிள்ளையோடு வெளியே வந்ததற்கும் உன் மகனுக்கு, நம் தம்பிக்கு, கண் பிரஷர் வந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து போக ஒரு சல்லடை மாதிரி வழி உண்டு. கருவில் அது சரியாக உருவாகாமல் போனால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். பல சமயம் அப்பா, அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரு மரபணுக் குறை, பிள்ளையிடம் வந்து சேர்வதால் இப்படி ஆகிறது. சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடும், அது உண்மை. மேலை நாடுகளில் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பார்கள். ஆந்திராவில் எடுத்த கணக்கில் 3,300 பிறப்புக்கு ஒன்று என்று வந்தது. ஆனால் அத்தை மகனைக் கட்டு என்று உனக்குச் சொன்னவர்கள் நாங்கள் எல்லோரும்தான். பழியை உன் தலையில் மட்டும் இறக்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த பிள்ளைக்கு எண்ணம் இருந்தால் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள். இதே குறை என்றால், ஒவ்வொரு பேற்றுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூத்தவள் பாப்பாவின் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடு.

‘என்ன பெரிய கண்ணு, என்ன அழகு’ என்று ஊரே கொஞ்சியபோது உனக்கு மட்டும்தான் உறுத்தியது. வெளிச்சம் பட்டால் முகத்தைப் புதைக்கிறான், கண்ணில் தண்ணீர் வடிகிறது, கருவிழி மங்கலாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். பிள்ளையின் கண் இளசு, அழுத்தம் ஏறினால் விரியும். அந்தப் பெரிய கண் அதனால் வந்ததுதான். விரிந்த கண் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆனால் சின்ன வயதிலேயே அழுத்தத்தை இறக்கிவிட்டால், பார்வை நரம்பில் விழுந்த பள்ளம் ஓரளவு குறைவதைக் குழந்தைகளிடம் பார்க்கலாம். பெரியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை அநேகமாக இல்லை. ஆபரேஷனுக்கு நீ தாமதிக்காமல் ஒத்துக்கொண்டது அதனால்தான் பெரிய காரியம்.

இனிமேல் நடக்கப்போவது நீண்ட ஓட்டம். கூப்பிடும்போதெல்லாம் மயக்கம் கொடுத்துப் பார்க்கிறார்களே என்று நீ நடுங்குகிறாய். ஒன்றரை வயதுப் பயல் கருவிக்கு முன்னால் அசையாமல் உட்காருவானா? வளர்ந்து, சொன்னால் கேட்கும் வயது வந்ததும் அது குறையும். பரிசோதனை நின்றுவிடாது, ஆயுள் முழுக்க உண்டு. கண் நன்றாகத் தெரிகிறதே, இந்தத் தடவை போகாவிட்டால் என்ன என்று மட்டும் நினைக்காதே.

சொட்டு மருந்து விடுவது உன் வீட்டில் தினம் ஒரு போராக இருக்கிறது என்றாய். நாலு பேர் பிடித்து அமுக்கி விடவேண்டாம். அவனை மல்லாக்கப் படுக்க வை. கண்ணை மூடியே இருக்கட்டும். மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாட்டுப் பாடு. கண்ணைத் திறந்தால் மருந்து தானே உள்ளே இறங்கும். பிறகு அந்த ஓரத்தை ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள், மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போவது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடு. டிமோலால் கொடுத்திருந்தால், மூச்சு இழுப்போ வீசிங்கோ தெரிந்தவுடன் டாக்டரிடம் சொல். உன் அத்தைக்கும் கண் பிரஷர் இருக்கிறதல்லவா, இவன் பாட்டில் தீர்ந்துபோன அவசரத்துக்குக்கூட அவருடைய மருந்து இவனுக்கு வேண்டாம். பிரிமோனிடின் என்றொரு மருந்து பெரியவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுப்பார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அது மயக்கமும் மூச்சுத் திணறலும் கொண்டுவந்துவிடும். கண் சிவந்து, பீளை கட்டி, வலி என்றால் மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. ஆபரேஷன் செய்த கண்ணில் கிருமி தொற்றினால் நேரம் பார்க்காது.

நான் எழுத உட்கார்ந்ததே இனி சொல்லப்போவதற்காகத்தான். வார்டில் கண்ணைக் காப்பாற்றிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையையும் தங்களையும் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘ஓடாதே, விழுவாய். வெயிலில் போகாதே. யாரோடும் ஆடாதே.’ இப்படியே வளர்ந்த பிள்ளைக்குப் பார்வை இருந்தும் தெரு தெரியாது. தம்பியை ஆட விடு. வெயிலுக்குத் தொப்பியும் கூலிங் கிளாஸும் போடு. பவர் கண்ணாடி எழுதிக்கொடுத்தால் உடையாத பிளாஸ்டிக் லென்ஸாக வாங்கு. பந்து அடித்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தால் அதை மட்டும் மதி. இத்தாலியப் பாடகர் ஆண்ட்ரியா பொச்செல்லி இந்த நோயோடு பிறந்தவர். 12 வயதில் கால்பந்து ஆடும்போது அடிபட்டு மிச்சப் பார்வையும் போயிற்று. பார்வை இல்லாமலேதான் உலகம் கேட்கும் பாடகர் ஆனார். அடி விஷயத்தில் கவனமாக இரு. அதற்குமேல், பார்வை எவ்வளவு மிஞ்சினாலும் அவனுக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பதை நம்பு.

ஒரு கண் பலவீனம் என்று நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடச் சொல்வார்கள். பிடுங்கிப் பிடுங்கி எறிவான். அந்த நேரத்தைக் கதைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கு, அடிக்காதே. பள்ளிக்குப் போகும்போது டீச்சரிடம் நீயே முதல் நாள் போய்ச் சொல்: முதல் வரிசை, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடம், மதியம் மருந்து இருந்தால் அதற்கு நேரம். ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வார்கள். ‘என் கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு, கண்ணாடி போட்டால் நல்லாத் தெரியும்’ என்று சிரித்தபடி சொல்ல இப்போதே பழக்கு. பார்வை குறைவு என்று சான்று கிடைக்கும் நிலை வந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வையும் உண்டு. அடையாள அட்டை வாங்க வெட்கப்படாதே. அது அவனுடைய உரிமை.

அப்புறம் நீ. சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று உன் அம்மா சொன்னாள். இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மனம் சோர்ந்துபோவது ரொம்ப சகஜம். அதற்கும் டாக்டர் உண்டு. பரிசோதனைக்குப் போகும் அன்றே ‘எனக்கும் முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல். ராத்திரி மருந்தை மாப்பிள்ளை பொறுப்பில் விடு. பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து அலுத்துத்தான் வருவார், தெரியும். ஆனாலும் சொட்டு விடப் பழகாத அப்பா நாளைக்கு டாக்டர் சொல்வதையும் கேட்கப் பழகமாட்டார். ஆரம்பத்தில் தப்பாக விடுவார். நீ பிடுங்கிக்கொள்ளாதே.

பாப்பாவைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ‘தம்பிக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா’ என்று அவள் கேட்டாளாமே. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே போ, கண்ணைப் பற்றிப் பேசாதே.

அடுத்த பரிசோதனைத் தேதியை மட்டும் எனக்கு மெசேஜ் போடு. நான் முந்தின நாளே வந்து பாப்பாவோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போய்வாருங்கள். பைல், பழைய பிரஷர் சீட்டு, இப்போது விடும் மருந்து பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை.

அன்புடன்,
பெரியம்மா