கிராமக் குளத்தைத் திருத்துவதற்கு நன்கொடை பெறுதலும் வேலையைப் பேணுதலும்

கமக்காரர்களே,

வரண்ட வலயத்திலே நெற்செய்கையும் மரக்கறிச் செய்கையும் பெரும்பாலும் குளத்தை நம்பியே நடைபெறுகின்றன என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். குளக்கட்டுத் தேய்ந்து, துருசு பழுதுற்று, வாய்க்கால் தூர்ந்த இடங்களில் தலைப்பு வயல்கள் விளைய, கடைக்கோடி வயல்கள் கருகும். இக்குறையை ஒருவர் தனித்துத் தீர்த்தல் இயலாது. ஆதலால் அரசாங்கமும் பிற நிறுவனங்களும் கிராமப் பொதுவேலைகளுக்கு நன்கொடை வழங்குகின்றன. அதனைக் கேட்கும் முறையும் செலவிடும் முறையும் பேணும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

நன்கொடை என்பது யாது?

கடன் திருப்பிச் செலுத்தப்படுவது. பசளை மானியம் போன்றவை தனிப்பட்ட கமக்காரருக்கு உரியவை. நன்கொடையோ ஒரு குறித்த பொதுவேலைக்காக ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கப்படும் பணமாகும். அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. எனினும் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் காட்டுதல் வேண்டும்.

முன்னைய அனுபவம்

1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியம் நீங்கியது. ஆயினும் குளங்களைப் பேணிவந்த கூட்டுவேலையும் உடன் தளர்ந்தது. அதனைச் சீர்செய்யும் நோக்குடன் 1856 இல் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1958 இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமக்காரர் அமைப்புக்கள் பதிவு செய்யப்படுகின்றன.

கல்லோயா இடதுகரையில் 1981 சிறுபோகத்தின்போது நீர் மிகக் குறைவாக இருந்தது. திருத்த வேலைகள் தம்மிடம் வந்துசேருமுன்னரே கமக்காரர் சிறு குழுக்களாகக் கூடி, வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, நீரை முறைவைத்துப் பகிர்ந்தனர். தலைப்பிலுள்ள சிங்களக் கமக்காரர் விட்டுக்கொடுத்த நீர் கடைக்கோடித் தமிழ்க் கமக்காரருக்கும் சென்றது. பணத்துக்கு முன்னர் ஒற்றுமை வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஒரு தவறும் அதனாற் பெற்ற பாடமும்

நான் முன்னர் கடமையாற்றிய ஒரு கிராமத்தில் துருசையும் வாய்க்காலையும் திருத்த நன்கொடை கிடைத்தது. கமக்காரருக்கு உதவுவதாக எண்ணி விண்ணப்பம் முழுவதையும் நானே எழுதினேன். “பராமரிப்பை அமைப்பே ஏற்கும்” என்ற வாசகமும் அதில் இருந்தது. அதனைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேனல்லேன். வேலை செவ்வனே முடிந்தது. மூன்றாம் ஆண்டில் துருசுக் கதவு இறுகிவிட்டது. அதைத் திருத்தப் பணமும் இல்லை. பொறுப்பு யாருடையது என்பதும் தெரியவில்லை. அச்சிறுபோகத்தில் கடைக்கோடியிலிருந்த மிளகாய்ச் செடிகள் பூவோடு வாடின. கிராமத்தவர் தாம் கொடுத்த வாக்கையே அறியாதிருந்தனர், அக்குறை என்னுடையது.

செய்யவேண்டியவை

1. பொதுக்கூட்டம்: தலைப்பு, நடு, கடைக்கோடி ஆகிய மூன்று பகுதியினரும் சமுகமளித்தல் வேண்டும். வயலில் இறங்கி வேலைசெய்யும் பெண்களையும் அழையுங்கள். மிக அவசியமான ஒரு வேலையைத் தெரிந்து, தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

2. அளவை: வேலையை அளந்து கேளுங்கள். உதாரணமாக, 1,200 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள வாய்க்காலில் 1 அடி ஆழத்துக்கு மண் படிந்திருப்பின், அகற்றவேண்டியது 3,600 கன அடி, அதாவது 36 கியூப் மண்ணாகும். துருசு, குளக்கட்டு, வான் ஆகியவற்றின் வேலைக்குத் தொழினுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு அவசியம். குளத்தைத் தூர்வாரும்போது கட்டின் அடியை ஒட்டித் தோண்டலாகாது, கட்டு பலமிழக்கும்.

3. உங்கள் பங்கு: பல நன்கொடையாளர் கிராமத்தவரின் பங்கையும் எதிர்பார்ப்பர். சிரமதான நாட்களை மெய்யாகச் செய்யக்கூடிய அளவிலேயே எழுதுங்கள்.

4. விண்ணப்பம்: 80 எக்டேயர் வரை நீர்பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. எனவே முதலில் கமநல சேவை நிலையத்தை அணுகுங்கள். பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். சுற்றாடலைப் பேணும் வேலைகளுக்கு, 1994 முதல் இலங்கையில் நடைபெற்றுவரும் உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு நன்கொடைத் திட்டம் போன்றவையும் உள. விண்ணப்பத்தை அனுப்புமுன் கூட்டத்தில் உரக்க வாசித்தல் வேண்டும். ஒரு பிரதியை அமைப்பிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. காலம்: மண்வேலையைப் பெரும்போக மழைக்கு முன்னர், ஆவணி புரட்டாதி மாதங்களுக்குள் முடித்தல் நன்று. மழையில் இட்ட புதுமண் கரைந்துபோகும். ஆகவே விண்ணப்பத்தைப் பல மாதங்களுக்கு முன்னரே கொடுங்கள்.

6. கணக்கு: பணத்தை அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டு, இருவரின் கையொப்பத்துடன் மாத்திரம் எடுங்கள். பற்றுச்சீட்டுக்களைத் திகதிவாரியாகக் கோவைப்படுத்துங்கள். வரவு செலவை மாதந்தோறும் யாவரும் காணுமிடத்தில் ஒட்டுங்கள். ஐயம் எழுந்தபின் விளக்குவதிலும் முன்னரே காட்டுதல் நன்று.

பராமரிப்பு நிதி

ஒரு குளத்தின்கீழ் 40 ஏக்கர் வயல் உண்டெனக் கொள்வோம். போகத்துக்கு ஏக்கருக்கு அரைப் புசல் நெல் சேர்த்தால் 20 புசல் கிடைக்கும். ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோ ஆதலால், இது 420 கிலோ நெல்லாகும். இதனை விற்ற பணம் துருசுக்கு நெய்யிடவும், எலி வளைகளை அடைக்கவும், கட்டில் முளைக்கும் மரக்கன்றுகளை அகற்றவும் பெரிதும் உதவும். பொறுப்பாளர் ஒருவரைப் பருவகாலக் கூட்டத்திலே தெரிவு செய்யுங்கள்.

நன்கொடை ஒருமுறை வரும். மழையோ ஆண்டுதோறும் வந்து கட்டைச் சோதிக்கும். துருசு பழுதடையும் நாளில் அதைத் திருத்தும் ஆளும் பணமும் கிராமத்திலேயே இருத்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதுவதில் ஐயமுண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள். அவர் வழிகாட்டுவார், ஆனால் எழுதவேண்டியவர்கள் நீங்களே.