விழாவுக்கு யாரை அழைப்பது?



நாகபுரியில் நான் பயின்ற நாளில் நம் தமிழ் மன்றத்தின் செயலாளனாக ஈராண்டு இருந்தேன். பொங்கல் விழா நெருங்கும், செயற்குழு கூடும், 'யாரை அழைப்பது?' என்ற கேள்வி எழும். அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுவோம். பெயர் பெற்றவரா, வர இசைவாரா, புகைவண்டிக் கட்டணம் நம் நிதியில் அடங்குமா என்னும் மூன்றை மட்டுமே பார்ப்போம். அவர் எதைப் பற்றிப் பேசுவார், அதைக் கேட்டு நாம் பெறுவது யாது என்று எண்ணிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் பின்னர் அமெரிக்க நாட்டிற்கு வேலைக்குச் சென்றேன். அங்கே நான் கற்ற பாடம் ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிப்ரவரித் திங்கள் கறுப்பின மக்களின் வரலாற்றுத் திங்களாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் மட்டுமன்றி, அலுவலகங்கள் பலவற்றிலும் தொழிற்சாலைகளிலும் அதற்கென விழா எடுப்பார்கள். வெளியிலிருந்து ஒருவரை அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்வது அவ்விழாவின் முதன்மையான நிகழ்ச்சி. நான் பணியாற்றிய நிறுவனத்தில் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்க ஐவர் கொண்ட குழு இருந்தது. அதில் என்னையும் சேர்த்தார்கள்.

இவ்விழா தோன்றிய வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தொடங்கியவர் கார்ட்டர் உட்சன் என்னும் அறிஞர். அடிமை வாழ்விலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1875-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். உழைத்துக்கொண்டே படித்து, 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் மக்களின் வரலாறு பாடநூல்களில் இடம்பெறாததைக் கண்டு, 1915-இல் சிக்காகோ நகரில் அதனை ஆராய்வதற்கென ஒரு கழகத்தை நிறுவினார். 1926 பிப்ரவரியில் வரலாற்று வாரம் ஒன்றைத் தொடங்கினார். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட பிரெடரிக் டக்ளஸ், ஆபிரகாம் லிங்கன் ஆகிய இருவரின் பிறந்தநாளும் அத்திங்களில் கொண்டாடப்பட்டு வந்தமையே அத்தேர்வுக்குக் காரணம். அவ்வாரம் 1976-இல் திங்கள் முழுவதற்குமாக விரிந்தது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாரம் நாடெங்கும் பரவியதும், பேச்சாளர்களுக்குத் தேவை பெருகியது. தேவை பெருகியதும், நுனிப்புல் மேய்ந்தவர்களும் மேடை ஏறினார்கள். மாணவர்களைவிடக் குறைவாக அறிந்தவர்களைப் பேச அழைக்க வேண்டா என்று உட்சனே ஆசிரியர்களை எச்சரிக்க நேர்ந்தது. விழாவைத் தோற்றுவித்தவரே விழா மேடையைக் கண்டு கவலைப்பட்டார் என்றால், பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பது எளிய வேலை அன்று என்பது விளங்கும்.

ஆனால் முதலாண்டில் எனக்கு அது விளங்கவில்லை. பிப்ரவரிக்கு மூன்று வாரமே இருந்தபோது குழு கூடியது. பழைய செயலாளனின் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது! வாழ்க்கையில் வெற்றி பெறும் வழிகளைப் பேசிப் புகழடைந்த ஒருவரின் பெயரை நானே முன்மொழிந்தேன். அவர் கறுப்பினத்தவர்; நாவன்மை மிக்கவர். அனைவரும் உடன்பட்டனர். விழா நாளில் அவர் நாற்பது நிமிடம் பேசினார். உழைத்தால் உயரலாம் என்றார். மனம் தளரலாகாது என்றார். அவை சிரித்தது; கைதட்டியது. எங்கள் தொழில் இன்னதென்பதை அவர் அறிந்து வந்திருக்கவில்லை. வரலாறு என்ற சொல் தொடக்கத்தில் ஒருமுறை வந்தது, பிறகு வரவேயில்லை.

விழா முடிந்து இறங்கும்போது, அந்நிறுவனத்தில் முப்பது ஆண்டு பணியாற்றிய கறுப்பின அம்மையார் ஒருவரைப் படிக்கட்டில் கண்டேன். பேச்சு எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன்.

"நன்றாகத்தான் பேசினார். இதே பேச்சை மார்ச்சுத் திங்களில், வேறோர் ஊரில், வேறு யாரிடமும் பேசலாம். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை" என்றார் அவர்.

அந்த விடை என் நெஞ்சில் தைத்தது. அடுத்த ஆண்டு பிழையைத் திருத்திக்கொள்வதாக எண்ணி, அவரிடமே சென்றேன். இம்முறை நீங்களே ஒருவரைத் தேர்ந்து சொல்லுங்கள், ஏற்பாடுகளையும் நீங்களே கவனியுங்கள் என்று கேட்டேன். அவருக்கு மதிப்பளிப்பதாகவே நினைத்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"எங்கள் மக்களைப் பற்றி அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நீங்கள். அதற்கான வேலையையும் நானே செய்ய வேண்டுமா?" என்றார்.

அவர் சினந்து கூறவில்லை. ஆயினும் நான் நாணித் தலைகுனிந்தேன். பதினொரு திங்கள் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிப்ரவரி வந்தால் எல்லோரும் அவரையே தேடி வருகிறோம். அவருடைய ஊதியத்தில் இதற்கென ஒரு காசும் இல்லை. இதை ஏன் அதுவரை நான் எண்ணவில்லை?

பிறகு நாங்கள் ஐவரும் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். அப்போதுதான் டக்ளஸின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி என் கண்ணில் பட்டது. மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து 1838-இல் தப்பி வந்த அவர், ரோசெஸ்டர் நகரில் குடியேறிப் பத்திரிகை நடத்தி வந்தார். 1852-இல் அந்நகரத்தின் அடிமை ஒழிப்பு மகளிர் சங்கத்தார் நாட்டின் விடுதலைத் திருநாளையொட்டிப் பேச அவரை அழைத்தனர். திருநாள் ஜூலை 4. அவர் பேசியதோ ஜூலை 5. முதலில் நாட்டை நிறுவிய முன்னோரைப் புகழ்ந்தார். பின்னர், இலட்சக்கணக்கானோர் விலங்கு பூண்டிருக்கும் நாட்டில் இத்திருநாள் அடிமைக்கு எவ்வகையில் உரியது என்று வினவி, அந்நாட்டின் பொய்ம்மையைக் கடிந்துரைத்தார். அவையில் இருந்தோரில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் அவரைப் பேச விட்டுக் கேட்டனர். அச்சொற்பொழிவு இன்றளவும் படிக்கப்படுகிறது. புகழுரை மட்டுமே வேண்டுமென்று அச்சங்கத்தார் கட்டளையிட்டிருந்தால், அப்படி ஒரு பேச்சு உலகுக்குக் கிடைத்திராது.

இதிலிருந்து எனக்குத் தெளிவானது ஒன்று. பேச்சாளரைத் தேர்வதற்கு முன், கேட்போர் தம்மைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'எதை அறிய விரும்புகிறோம்? எதைக் கேட்கத் துணிந்திருக்கிறோம்?' இவ்விரண்டுக்கும் விடை கண்டால், யாரை அழைப்பது என்பது தானே தெரியும்.

எங்கள் கேள்வி மிக எளியதாக அமைந்தது. இந்நிறுவனத்தில் கறுப்பினத்தவர் எப்போது வேலைக்கு வந்தனர்? எவ்வாறு நடத்தப்பட்டனர்? எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பழைய பணியாளர் பட்டியலைத் தேடினோம். 1970-களில் வரைபடப் பிரிவில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி ஓய்வு பெற்று அதே நகரில் வாழ்கிறார் என்று அறிந்தோம். அவரையே அழைப்பது என முடிவு செய்தோம்.

உடனே இரண்டு தடைகள் வந்தன. அவர் பேச்சாளர் அல்லர், ஆகவே பூங்கொத்துப் போதும் என்றார் ஒருவர். சென்ற ஆண்டு பேச்சாளருக்கு அளித்த அதே தொகையை இவருக்கும் அளிக்க வேண்டும் என்று மற்ற நால்வரும் வற்புறுத்தினோம். இரண்டாவது தடை பெரிது. பதவி உயர்வைப் பற்றி மட்டும் பேச வேண்டா என்று அவரிடம் சொல்ல முடியுமா என ஒரு மேலாளர் எங்களைக் கேட்டார். நான் வேற்று நாட்டவன். வேலை போனால் நாடு திரும்ப வேண்டியவன். என் உள்ளத்தில் அச்சம் இல்லாமலில்லை. "அப்படிச் சொல்வதைவிட அவரை அழைக்காமலிருப்பதே நேர்மை" என்று குழுத் தலைவர் கூறினார். நானும் கையுயர்த்தி அதை ஆதரித்தேன்.

அம்மூதாட்டி வந்தார். எழுதி வைத்திருந்த நான்கு தாள்களை மெல்லப் படித்தார். தாம் தொழில் பயிற்றிய இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தமக்கே மேற்பார்வையாளர்களாக வந்ததைச் சொன்னார். பதவி காலியாவது தமக்கு எப்போதும் பிறகுதான் தெரியவரும் என்றார். கைதட்டல் உடனே எழவில்லை. படிக்கட்டில் என்னோடு பேசிய அம்மையார் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு முதல் காலியிடங்கள் யாவும் எல்லோரும் காணும் பலகையில் ஒட்டப்பட்டன. சிறிய மாற்றந்தான், ஆனால் அது கைதட்டலினும் நீடித்தது.

இனி, நான் கற்றவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன்.

முதலாவது, பொருளை முடிவு செய்துவிட்டுப் பெயரைத் தேடுக. ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய வரலாறு உண்டு. புகைவண்டித் துறையினர் விழா எடுத்தால், 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃபு தலைமையில் படுக்கைப் பெட்டிப் பணியாளர்கள் சங்கம் அமைத்து, 1937-இல் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டதை அறிந்தவரை அழைக்கலாம். விண்வெளித் துறையினரானால், 1962-இல் ஜான் கிளென் உலகை வலம்வருமுன் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்த கேத்தரின் ஜான்சனையும் அவருடைய தோழியரையும் ஆராய்ந்தவரை அழைக்கலாம்.

இரண்டாவது, ஒருவரை முழு இனத்தின் வாயாகக் கருதாதீர்கள். அடிமைகளின் வழிவந்தோரும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தோரும், நைஜீரியாவிலிருந்து நேற்று வந்தவரும் கண்ட வாழ்க்கை ஒன்றன்று. அவர் அறிந்ததைக் கேளுங்கள்.

மூன்றாவது, உரிய தொகையை அளியுங்கள். பல திங்கள் முன்னரே எழுதுங்கள். பிப்ரவரியில் அவரைப் பலரும் அழைப்பார்கள். அவர் எழுதியது ஏதேனும் இருந்தால் அழைக்குமுன் படியுங்கள்.

நான்காவது, பேச்சைப் பணி நேரத்திலேயே வைத்து, வினாக்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். உணவு வேளையில் வைக்கும் பேச்சு, உணவுக்குத் துணையாகவே முடியும்.

இவை யாவும் நமக்குப் புதியன அல்ல. தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். நாம்தாம் அதைத் தேர்வுக்கு மட்டும் படித்தோம்!

முடிக்குமுன் நம் நாகபுரியோடு தொடர்புடைய செய்தி ஒன்று. 1950-களில் ஜேம்சு லாசன் என்னும் கறுப்பின இளைஞர் இவ்வூர் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கற்றுச் சென்றார். 1968 பிப்ரவரியில் மெம்பிசு நகரத்தில் குப்பை வண்டியில் நசுங்கித் துப்புரவுத் தொழிலாளர் இருவர் இறந்தனர். ஏறத்தாழ 1300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிடையே பேச மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்தவர் அந்த லாசனே. கிங் ஏப்ரல் 3-ஆம் நாள் இரவு அங்கே பேசினார். மறுநாள் மாலை சுடப்பட்டு இறந்தார். ஏப்ரல் 16-இல் நகராட்சி தொழிலாளரோடு உடன்பாடு செய்துகொண்டது.

தொழிலாளர் நடுவே வந்து பேசுவது சிலருக்கு அத்துணைப் பெரிய செயலாக இருந்திருக்கிறது. நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. அழைத்தவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கும் துணிவை மட்டுமே கேட்கிறார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தாளின் முதல் வரியில் பெயரை எழுதாதீர்கள், நண்பர்களே. நீங்கள் அறிய விரும்பும் கேள்வியை எழுதுங்கள்.