பெட்டிக்கு முன் ஆள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினைந்து கம்ப்யூட்டர், ஒரு டேலி சர்வர், கேமராவுக்கு ஒரு டி.வி.ஆர்., வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வைஃபை. இத்தனையும் உள்ள ஆடிட்டர் ஆபீசுக்கு எந்த ஃபயர்வால் பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே மூன்று கொட்டேஷன்களையும் அனுப்பியிருக்கிறாய். மூன்றிலும் வேகமும் வசதிகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நீ லீவில் ஊருக்கு வந்திருக்கிற நாளில் நெட் நின்றுபோனால் யார் திறந்து பார்ப்பார்கள்? அதற்கு ஒன்றிலும் பதில் இல்லை. நீ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் ஆபீசில் இதற்கென்று ஆள் கிடையாது. கணக்கு வேலைக்கு நடுவே நெட்டையும் நீதான் பார்த்துக்கொள்கிறாய். மாட்டுகிற அன்று எந்தப் பெட்டியும் சுலபமாகத்தான் தெரியும், டீலரின் பையன் அரைமணியில் முடித்துவிட்டுப் போய்விடுவான். ஆறு மாதம் கழித்து உள்ளே போய்ப் பார்க்கும்போது, எந்த ரூல் எதற்காகப் போட்டது என்று உனக்கும், உன் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் புரிய வேண்டும்.

லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் எழுதித் தருகிறேன், செலவே இல்லை என்று உன் நண்பன் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் எழுதியவன் வேலை மாறிப் போனால் அந்த ஃபைலைத் தொட ஒருவருக்கும் தைரியம் வராது. மைக்ரோடிக் ரூட்டர் நல்ல சாமான், விலையும் குறைவு, ஆனால் நெட்வொர்க் படித்தவர்களுக்காகச் செய்தது. 2018 ஏப்ரலில் அதில் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டார்கள். அதைப் போடாமல் கிடந்த ரூட்டர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சில மாதங்களில் அவற்றுக்குள் புகுந்து, அவற்றின் வழியாக இணையம் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர்களைக் கொண்டு கிரிப்டோ காசு தோண்டினார்கள். கம்பெனி தன் வேலையைச் செய்துவிட்டது, கவனிக்கத்தான் ஆளில்லை.

என் ஓட்டு, சாதாரண பி.சி.யில் ஏற்றக்கூடிய இலவச ஃபயர்வால் மென்பொருளான ஓபிஎன்சென்ஸுக்கு. 2015 ஜனவரியில் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து பிரிந்து வந்தது. இரண்டுக்கும் மூலமான மோனோவால் அடுத்த மாதமே மூடப்பட்டபோது, அதை எழுதிய மானுவல் காஸ்பரே தன் பயனாளர்களை இதற்குப் போகச் சொன்னார். வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டியதில்லை. பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம். செட்டிங் முழுவதும் ஒரே ஃபைலில் இறங்கிவிடும். பெட்டி செத்தால் இன்னொரு சின்னப் பி.சி.யில் ஏற்றி, போர்ட்டுகளைச் சரிபார்த்து எழுப்பிவிடலாம். அந்த ஃபைலின் நகல் உன் மேனேஜரிடமும் இருக்கட்டும்.

நான்கு போர்ட் உள்ள பி.சி.யாக வாங்கு. ஒன்று நெட்டுக்கு, ஒன்று கம்ப்யூட்டர்களுக்கு, ஒன்று டி.வி.ஆருக்கு, ஒன்று வெளியாள் வைஃபைக்கு. விலான் போட்டால் ஒரே ஒயரில் எல்லாம் போகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கோளாறைக் கண்டுபிடிக்கிற வசதி போய்விடும். டி.வி.ஆரைத் தனியே வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்துத்தான் பெரிய பெரிய தளங்களை முடக்கியது.

உன் முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்கவேண்டும் என்பார். உடனே யாராவது 3389 போர்ட்டைத் திறந்துவிடு, ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வார்கள். திறக்காதே அம்மா. பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கிற புரோக்ராம்கள் உலகம் முழுவதும் அந்த எண்ணைத்தான் தட்டிக்கொண்டிருக்கின்றன. வயர்கார்டு வி.பி.என். போட்டுக் கொடு, டேலியும் கேமராவும் அதற்குள்ளேயே வரட்டும். அதற்கு முன் உங்கள் நெட் கம்பெனி தந்திருக்கிற ஐ.பி. 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா என்று பார். அப்படியிருந்தால் அது பலருக்கும் பொதுவான முகவரி, வெளியிலிருந்து உன் பெட்டிக்கு வர முடியாது. ஸ்டாடிக் ஐ.பி. கேட்டு வாங்கு. ஆபீசின் உள் எண்ணும் 192.168.1 ஆக வேண்டாம். அநேகம் பேர் வீட்டு ரூட்டரிலும் அதுவே இருக்கும், இரண்டும் மோதிக்கொள்ளும்.

ஒவ்வொரு ரூலுக்கும் பக்கத்தில் விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும். யார் கேட்டார்கள், எந்தத் தேதி, எதற்கு என்று தமிழிலேயே எழுதிவிடு. பெட்டி பதிந்துவைக்கிற லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடாவிட்டால் அந்த லாகால் பயனில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள உனக்கு நேரமில்லை, கூட ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் ஓபிஎன்சென்ஸ் வேண்டாம். சோஃபோஸோ ஃபோர்ட்டிகேட்டோ வாங்கி, கூப்பிட்டால் வருகிற டீலரிடம் பொறுப்பை விடு. சந்தா தீர்ந்தால் பெட்டி ஓடும், ஆனால் வைரஸ் பட்டியலும் தளங்களைத் தடுக்கிற பட்டியலும் புதுப்பிக்கப்படாது. அகமதாபாத் சைபரோம் பெட்டி ஒரு காலத்தில் எத்தனையோ ஆபீஸ்களில் இருந்தது. 2014-இல் சோஃபோஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது, பிறகு அந்தப் பெட்டிகளுக்கு அப்டேட்டே இல்லாமல் போயிற்று. ஆகவே பணம் கட்டும் முன், இந்த மாடலுக்கு எந்த வருஷம் வரை அப்டேட் உண்டு என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. எழுதித் தராதவரின் கொட்டேஷனை ஒதுக்கிவிட்டு, மிச்சம் எவை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா