குட்டியை நசுக்குவது தாயின் குற்றமா?

வெண்பன்றி வளர்க்கும் சிறு விவசாயிகள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பத்துக் குட்டி போட்டது. விடிந்து பார்த்தால் இரண்டைத் தாயே நசுக்கிவிட்டது" என்பார்கள். குணம் கெட்ட பன்றி என்று அதை விற்றுவிடுபவர்களும் உண்டு. விற்பதற்கு முன், அந்தக் குட்டி ஏன் தாயின் அடியில் போய்க் கிடந்தது என்று பார்ப்பது நலம்.

பிறந்த குட்டியின் எடை 1 முதல் 1.5 கிலோதான். உடலில் அடர்ந்த மயிர் கிடையாது. தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. தாயின் வயிற்றில் 39 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இருந்த குட்டி, ஈரம் காயாமல் சிமெண்டுத் தரையில் விழுகிறது. முதல் சில நாட்களுக்கு அதற்கு 32 முதல் 35 டிகிரி சூடு தேவை. அது கிடைக்காவிட்டால் குட்டி விறைத்துச் சோர்ந்துபோகும். சோர்ந்த குட்டி காம்பைப் பிடித்துச் சரியாகப் பால் குடிக்காது. பால் குடிக்காததால் உடல் சூடு மேலும் குறையும். சூட்டைத் தேடித் தாயின் மடியருகே ஒண்டிக் கிடக்கும். தாய் படுக்கும்போது விலகி ஓடத் தெம்பு இராது. நசுங்கிச் செத்ததாக நாம் எண்ணும் குட்டிகளில் பல, குளிராலும் பசியாலும் முன்பே பாதி செத்தவை என்பதே ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

தாய்க்குக் குளிர்ச்சி, குட்டிக்குச் சூடு

தாய்ப்பன்றிக்கு 20 டிகிரி அளவே சுகமானது. பன்றிக்கு வியர்த்து உடல் குளிர வழியில்லை. கொட்டகை முழுவதும் சூடாக இருந்தால் அது தீனியைக் குறைத்துக்கொள்ளும், பாலும் குறையும். எனவே கொட்டகை காற்றோட்டமாக இருக்க, குட்டிக்கு மட்டும் ஒரு மூலையைச் சூடாக்க வேண்டும்.

ஈனும் அறையின் ஒரு மூலையைச் செங்கல்லாலோ பலகையாலோ தடுத்து, குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு வழி விடுங்கள். உள்ளே உலர்ந்த கோணிச்சாக்கும் சிறிதாக நறுக்கிய வைக்கோலும் பரப்பி, குட்டிகளுக்கு எட்டாத உயரத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடலாம். பல்பு வைக்கோலில் படாதபடி உறுதியாகக் கட்ட வேண்டும். சூடு சரியா என்பதைக் குட்டிகளே காட்டிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். பல்பை விட்டு விலகிச் சிதறிக் கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுத்திருந்தால் அளவு சரி. கோடைப் பகலில் பல்பு வேண்டியிராது. மழைக்காலத்து இரவில் மறக்கவே கூடாது.

சுவரை ஒட்டி, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20 முதல் 25 செ.மீ. தள்ளி இரும்புக் குழாய் பொருத்தினால், தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி தப்ப இடம் இருக்கும்.

வைக்கோல் கொடுங்கள்

பிரிட்டனில் எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்ற ஆய்வாளர்கள், பண்ணைப் பன்றிகளை மரம் செடி உள்ள திறந்த வளாகத்தில் விட்டுக் கவனித்தார்கள். ஈனும் காலம் நெருங்கியதும் தாய் கூட்டத்தைவிட்டு விலகி, மறைவான இடம் தேடி, புல்லும் குச்சியும் சேர்த்துப் படுக்கை அமைத்தது. நம் கொட்டகையில் ஈனுமுன் பன்றி தரையைப் பறிப்பதும் கம்பியைக் கடிப்பதும் இதே குணத்தால்தான். பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். 107-ம் நாள் வாக்கில் ஈனும் அறைக்கு மாற்றி, 110-ம் நாள் முதல் வைக்கோல் போட்டால் அது அமைதியடையும்.

திரும்ப முடியாத கம்பிக் கூண்டில் தாயை அடைத்தால் நசுங்குவது குறையும் என்பது உண்மையே. ஆனால் தாய்க்கு அது பெரிய வேதனை. ஸ்வீடன் நாடு 1988-ல் செய்த விலங்கு நலச் சட்டத்தை ஒட்டி அந்த வழக்கத்தைக் கைவிட்டது. நாலைந்து பன்றி வைத்திருப்பவர் கூண்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

சீம்பாலும் இரும்புச்சத்தும்

நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியேதான் கிடைக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான் பயன். குட்டி ஒன்றுக்குச் சுமார் 250 கிராம் தேவை. குட்டிகள் அதிகமாக இருந்தால், முதலில் குடித்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் சூடான பெட்டியில் ஒதுக்கி வைத்து, சிறியவற்றைக் காம்பில் விடுங்கள்.

குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவே. மண்ணைக் கிளறித் திரியும் குட்டி அதை மண்ணிலிருந்து பெறும். சிமெண்டுத் தரையில் வளரும் குட்டிக்கு வழியில்லை. வெளிறி, மூச்சு வாங்கிச் சாகும். மூன்றாம் நான்காம் நாளில் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரும்புச்சத்து ஊசி போடுவது அவசியம்.

ஈனும் நாளில் தாய்க்குத் தவிட்டுக் கஞ்சியும் நிறையத் தண்ணீரும் போதும். பிறகு ஒரு வாரத்தில் தீனியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

அடுத்த ஈற்றில் ஒரு குட்டி செத்தால், புதைக்குமுன் அதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறு ஒட்டியிருந்தால் அது பால் குடிக்காத குட்டி. அப்போது விற்க வேண்டியது தாயை அல்ல. திருத்த வேண்டியது கொட்டகையை.